பூட்டியவரே பூட்டிவிட்டுப் போன அலாரம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, சென்ற ஆண்டு ஸ்காபுறோவில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தோம். வீட்டோடு அலாரமும் வந்தது. வாசற்கதவுக்குப் பக்கத்தில் கீபாட், நிலவறையில் ஒரு வெள்ளை இரும்புப் பெட்டி, கதவுகளிலும் யன்னல்களிலும் சென்சர்கள், மேல்மாடியில் அதே பெட்டியோடு இணைத்த புகை உணரி ஒன்று இருக்கின்றன. முந்திய வீட்டுக்காரர் தந்த நான்கு இலக்கங்களை அழுத்தினால் அலாரத்தைப் போடவும் நிறுத்தவும் முடிகிறது. அதற்கு மேல் எதையும் மாற்ற முடியவில்லை. இரண்டு மாதமாகக் கீபாட் நடுச்சாமத்தில் ‘பீப் பீப்’ என்று கத்தத் தொடங்குகிறது. நான் இரவு வேலைக்குப் போகிறவள். வீட்டில் தனியே இருக்கும் என் அம்மா அதைக் கேட்டுப் பயந்து எழுந்து, விடியும்வரை கதிரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். பெட்டியில் ஒட்டியிருந்த இலக்கத்தை அழைத்தேன். மூன்று வருடக் கண்காணிப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால்தான், அலாரத்தின் உள்ளமைப்பை மாற்ற உதவும் இன்ஸ்டாலர் கோட்டைத் தருவோம் என்று அந்த நிறுவனத்தார் சொன்னார்கள். வேறொருவரை அழைத்தேன். அவர் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தபோது பெட்டிக்குள் ‘டிக் டிக்’ என்று பல தடவை சத்தம் கேட்டது. “இது லொக் பண்ணிய போர்ட், எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் பூட்டவேண்டும்” என்று சொல்லிப் போய்விட்டார். போர்டில் டிஎஸ்சி, பிசி1832 என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டு அலாரத்தை எங்கள் கைக்குக் கொண்டுவர வழியே இல்லையா?

– ஒரு வாசகி, ஸ்காபுறோ, கனடா

பதில்: வழி இருக்கிறது, சகோதரி. எல்லாவற்றையும் கழற்றி எறியத் தேவையில்லை, மூன்று வருட ஒப்பந்தத்திலும் கையொப்பமிடத் தேவையில்லை. உங்கள் வீட்டில் பூட்டப்பட்டிருப்பது அந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஒரேயொரு பச்சைப் பலகை, அதாவது போர்ட், மட்டுமே. சுவருக்குள் ஓடும் வயர்கள், கதவு சென்சர்கள், சைரன், கீபாட், புகை உணரி ஆகிய எதுவும் பூட்டப்படவில்லை. அவற்றைப் பூட்டவும் முடியாது. ஓர் அலாரத்தில் பெறுமதி கூடியது சுவருக்குள் இழுத்த வயர்களும் அதற்கான உழைப்புமே. போர்டை விரைவாக மாற்றிவிடலாம், வயர் இழுக்க நாட்கணக்கு ஆகும். ஆகவே உங்களுக்கு வந்த ஆலோசனையை ஏற்றுப் பயந்துவிடாதீர்கள்.

எங்கள் பேச்சுத் தமிழில் ஒரு பொருளைப் பொருத்துவதையும் ‘பூட்டுவது’ என்றே சொல்கிறோம். ஃபான் பூட்டினோம், குழாய் பூட்டினோம் என்பது வழக்கம். அலாரத் தொழிலில் அந்த ஒரே சொல்லின் இரண்டு பொருளும் உண்மையாகிவிட்டன. பூட்டியவர் பொருத்தியதோடு நிற்காமல், வேறெவரும் திறக்கமுடியாதபடி அடைத்தும் விட்டுப் போகிறார். இதற்கு நியாயமான காரணமும் ஒன்று உண்டு என்பதை மறைக்கக்கூடாது. பல நிறுவனங்கள் கருவியை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்துவிட்டு, மாதாந்தக் கட்டணத்தால் அந்தச் செலவை ஈடுசெய்கின்றன. ஒப்பந்தம் முடியும்முன் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் இருக்கவே அந்தப் பூட்டு. ஆனால் ஒப்பந்தம் முடிந்து, வீடும் கைமாறிய பிறகு அந்தப் பூட்டைத் திறக்க மறுப்பதற்கு எந்த நியாயத்தையும் நான் காணவில்லை.

இனி வேலைக்கு வருவோம். பெட்டியைத் திறப்பதற்கு முன், அந்தப் பெட்டி யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள். இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் வீடு வாங்கும்போது கையொப்பமிடும் வழமையான கொள்வனவு ஒப்பந்தப் படிவத்தில், வீட்டோடு சேர்ந்து வரும் பொருட்களுக்கு ஒரு பகுதியும், வாடகைப் பொருட்களுக்கு இன்னொரு பகுதியும் உண்டு. சுடுநீர்த் தாங்கி வழக்கமாக எழுதப்படுவது இந்த இரண்டாவது பகுதியில்தான். அங்கே அலாரமும் எழுதப்பட்டிருந்தால், அதன் வாடகையை ஏற்கிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அப்படியானால் போர்டில் கைவைக்காமல் உங்கள் சட்டத்தரணியிடம் பேசுங்கள். அங்கே எழுதப்படவில்லை என்றால், முந்திய வீட்டுக்காரர் அந்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் அவருடையது. நீங்கள் கையொப்பமிடாத ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தாது. கருவிக்கு உரிமை கோரி உங்கள் காணிப் பதிவில் அறிவித்தல் ஏதும் போடப்பட்டிருக்குமோ என்று கவலைப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வீட்டு நுகர்பொருட்களுக்கு அத்தகைய அறிவித்தல்களைப் பதிவதை 2024 ஜூன் மாதத்தில் ஒன்ராறியோ அரசு தடைசெய்துவிட்டது.

காகிதம் தெளிவானதும், அந்த நிறுவனத்துக்கு இன்னொரு தடவை, இம்முறை எழுத்தில், கேளுங்கள். “வீட்டின் உரிமை எங்களுக்கு மாறிவிட்டது, உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை, இன்ஸ்டாலர் கோட்டைத் தாருங்கள், அல்லது வந்து இன்ஸ்டாலர் லொக்கவுட் என்ற அந்தப் பூட்டை நீக்கிவிடுங்கள், வந்துபோகும் செலவைத் தருகிறோம்” என்று நான்கு வரி போதும். வீடு விற்றுத் தந்த முகவர் மூலம் முந்திய உரிமையாளரும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் இன்னும் நல்லது. நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருந்தவர் அவர்தானே. தொலைபேசியில் மறுத்த நிறுவனங்கள் எழுத்தில் கேட்டதும் கோட்டைக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கோட் கிடைத்துவிட்டால் செய்யவேண்டியது மிகச் சிறிய வேலை. அலாரம் நிறுத்திய நிலையில் கீபாடில் நட்சத்திரக் குறியையும் (*) 8ஐயும் அழுத்தி, அந்தக் கோட்டைக் கொடுங்கள். பிறகு 991, மீண்டும் அதே கோட், மீண்டும் 991 என்று அழுத்தினால் லொக்கவுட் நீங்கிவிடும். 006 என்ற பிரிவுக்குள் போய் உங்களுக்கு விருப்பமான புதிய இன்ஸ்டாலர் கோட்டை எழுதிக்கொள்ளுங்கள். பூட்டியது 990, திறப்பது 991. ஒரு இலக்கம்தான் வித்தியாசம் என்பதால் கவனமாக அழுத்துங்கள்.

இதற்கிடையில் அம்மாவின் தூக்கத்தைக் கவனிப்போம். இந்தச் சத்தத்தை நிறுத்த இன்ஸ்டாலர் கோட் தேவையில்லை என்பதை அந்தத் தொழில்நுட்பவியலாளர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பத்து விநாடிக்கு ஒருமுறை கீபாட் எழுப்பும் அந்த ‘பீப்’ ஒலி, கருவி ஏதோ ஒரு குறையைச் சொல்லுகிறது என்பதன் அடையாளம். சதுரக் குறியை (#) அழுத்தினால் அப்போதைக்கு நின்றுவிடும். அம்மாவுக்கு முதலில் இந்த ஒரு பொத்தானைக் காட்டிக்கொடுங்கள். அதன்பின் நீங்கள் நட்சத்திரக் குறியையும் 2ஐயும் அழுத்திப் பாருங்கள். எழுத்துத் திரை உள்ள கீபாடாக இருந்தால் குறையை எழுத்தில் காட்டும். விளக்குகள் மட்டும் உள்ளதாக இருந்தால் எந்த இலக்கத்தின் விளக்கு எரிகிறது என்று பார்க்கவேண்டும். 1 எரிந்தால் பராமரிப்புத் தேவை என்று பொருள். அந்த நிலையில் 1ஐ அழுத்தினால் விவரம் தெரியும், அது பெரும்பாலும் பற்றரியாகத்தான் இருக்கும். 2 என்றால் மின்சாரம் வரவில்லை. 3 என்றால் தொலைபேசி இணைப்பு இல்லை. 8 என்றால் நேரமும் திகதியும் அழிந்துவிட்டன.

உங்கள் வீட்டில் 1 எரியும் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் செங்கல் அளவில் ஒரு ஈய அமிலப் பற்றரி இருக்கும். 12 வோல்ட், 7 அம்பியர் மணி என்று அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். அதன் ஆயுள் மூன்று முதல் ஐந்து வருடம். முந்திய வீட்டுக்காரர் அதை மாற்றாமலே விட்டிருக்கலாம். பற்றரிக் கடையில் அதே அளவில் ஒன்றை வாங்கி, சிவப்பு வயரைச் சிவப்பு முனையிலும் கறுப்பு வயரைக் கறுப்பு முனையிலும் செருகிவிட்டால், இரண்டு மாதச் சத்தம் ஒரு நாளில் அடங்கிவிடும். புதிய பற்றரி முழுதாக ஏறச் சில மணிநேரம் ஆகும் என்பதால், குறை விளக்கு உடனே அணையாவிட்டால் பதறவேண்டாம்.

3ஆம் விளக்கு எரிந்தால் கதை வேறு. பலர் வீட்டுத் தொலைபேசியை நிறுத்திக் கைத்தொலைபேசிக்கு மாறிவிட்டார்கள். அலாரமோ இன்னமும் அந்தப் பழைய தொலைபேசிக் கம்பியைத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடலை நிறுத்தும் தெரிவு 015 என்ற பிரிவில் ஏழாவதாக இருக்கிறது. அதை அணைக்க மட்டும் இன்ஸ்டாலர் கோட் வேண்டும்.

அடுத்தது, முந்திய வீட்டுக்காரர் தந்த அந்த நான்கு இலக்கங்கள். அவருடைய பிள்ளைகள், வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று இன்னும் எத்தனை பேரிடம் ஒரு கோட் இருக்கிறதோ உங்களுக்குத் தெரியாது. இதை நீங்கள் இன்றிரவே சரிசெய்யலாம். நட்சத்திரக் குறி, 5, அதன்பின் அந்த நான்கு இலக்கங்கள் என்று அழுத்துங்கள். கீபாட் ஏற்றுக்கொண்டால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மாஸ்டர் கோட். பின்பு 01, 02 என்று பயனர் இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து, தேவையில்லாதவற்றை நட்சத்திரக் குறியால் அழித்துவிடலாம். 40ஆவது பயனர் என்பது மாஸ்டர் கோட்டேதான். அந்த இடத்தில் உங்களுடைய புதிய நான்கு இலக்கங்களை எழுதுங்கள். மாஸ்டர் கோட்டை எவரும் மாற்றமுடியாதபடி தடுக்கும் ஒரு தெரிவும் இந்தப் போர்டில் உண்டு. அதைப் பூட்டியவர் இயக்கி வைத்திருந்தால் 40ஐ மாற்ற முடியாது. மற்றவர்களுடைய கோட்களை அழிக்கமுடியும்.

இனிப் பூட்டைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் கேட்ட அந்த ‘டிக் டிக்’ ஒலி ஒரு பிழையன்று. டிஎஸ்சி நிறுவனத்தின் பிசி1616, பிசி1832, பிசி1864 ஆகிய மூன்று போர்ட்களிலும் இன்ஸ்டாலர் லொக்கவுட் போடப்பட்டிருந்தால், மின்சாரம் வந்த அந்தக் கணத்திலேயே தொலைபேசி இணைப்புக்குரிய சிறிய ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) ஏறத்தாழப் பத்துத் தடவை விரைவாகத் திறந்து மூடும். பூட்டு இருக்கிறது என்று போர்டே அறிவிக்கும் முறை அது. ஆனாலும் இன்னொரு தடவை நீங்களே கேட்டுப் பாருங்கள். மின்சாரம் வரும்போது ஒரேயொரு ‘டிக்’ கேட்பது சாதாரணம். அதைக் கேட்டுவிட்டு லொக் என்று முடிவுகட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பத்துத் தடவை தட்டாமல் போர்ட் அமைதியாக எழும்பினால், உங்களுக்கு அதிர்ஷ்டம். அப்படியான போர்டைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பத் தயாரிப்பாளரின் கையேட்டிலேயே வழி சொல்லப்பட்டிருக்கிறது. கண்காணிப்பு நிறுவனம் ஏதாவது இணைப்பில் இருந்தால் முதலில் அதற்கு அறிவியுங்கள். பெட்டிக்கு மின்சாரம் தரும் ட்ரான்ஸ்போமரைச் சுவர்ச் செருகியிலிருந்து பிடுங்குங்கள், பிறகு பற்றரியின் சிவப்பு வயரைக் கழற்றுங்கள். கனடாவில் பல வீடுகளில் ட்ரான்ஸ்போமர் செருகப்படாமல் வீட்டு மின்சார வயரிங்கோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். அப்படியென்றால் பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் தொடவேண்டும். ட்ரான்ஸ்போமர் இணைந்திருக்கும் மின்பெட்டியைத் திறக்கவேண்டிய நிலை வந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். போர்டின் கீழ்வரிசையில் இசட்1 என்றும் பிஜிஎம்1 என்றும் எழுதிய திருகு முனைகள் இருக்கும். அவற்றில் உள்ள வயர்களைக் கழற்றி, அடையாளம் ஒட்டி ஒதுக்கிவிட்டு, ஒரு சிறு துண்டு வயரால் அந்த இரண்டு முனைகளையும் இணையுங்கள். பற்றரியைச் சேர்க்காமல் ட்ரான்ஸ்போமரிலிருந்து மட்டும் பத்து விநாடி மின்சாரம் கொடுங்கள். பற்றரியால் எழுப்பினால் இந்த முறை வேலைசெய்யாது, பலர் தவறுவது இங்கேதான். பின்பு மின்சாரத்தை நிறுத்தி, துண்டு வயரை எடுத்து, பழைய வயர்களைத் திரும்பப் போட்டு மின்சாரம் கொடுத்தால், இன்ஸ்டாலர் கோட் 5555 என்றும் மாஸ்டர் கோட் 1234 என்றும் மாறியிருக்கும். இரண்டையும் உடனே மாற்றிவிடுங்கள். அலாரத் தொழிலில் உள்ள எவருக்கும் இந்த இரண்டு எண்களும் மனப்பாடம்.

உங்கள் போர்ட் பத்துத் தடவை தட்டுகிறதென்றால் இந்த வழி அடைபட்டிருக்கும். எத்தனை தடவை முயன்றாலும் பழைய கோட்டே இருக்கும். பூட்டிய போர்டைத் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்பினாலும் மேலதிகக் கட்டணம் வசூலிக்கப்படும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே உங்களுக்கு எஞ்சுவது இரண்டு தெரிவுகள்.

ஒன்று, கோட்டைத் தேடிப் பிடிப்பது. முதலில் 5555ஐ முயன்று பாருங்கள். போர்டைப் பூட்டிவிட்டுக் கோட்டை மாற்ற மறந்தவர்களும் உண்டு. பெட்டியின் மூடிக்கு உட்புறத்தையும் பாருங்கள். தொழில்நுட்பவியலாளர்கள் பென்சிலால் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. நான்கு இலக்கம் என்பதால் மொத்தம் 10,000 சேர்க்கைகள்தான். கீபாடுக்குப் போகும் அந்த நான்கு வயரில், அதாவது சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை வயர்களில், நிரல் எழுதி இயக்கக்கூடிய ஒரு சிறிய ஆர்டுவினோ வகைப் பலகையை இணைத்து, ஒவ்வொரு சேர்க்கையாகத் தானே முயன்று பார்க்கும்படி எழுதிய நிரல்கள் இருக்கின்றன. மின்னணுவியலில் பழக்கமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இது நல்ல வழி. பிழையான கோட் பலமுறை கொடுத்தால் கீபாட் சில நிமிடம் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் இயங்கினால் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். உங்கள் பெயரில் உள்ள உங்கள் வீட்டில் மட்டும் செய்யவேண்டிய வேலை இது என்பதை எழுதாமல் இருக்கமுடியவில்லை.

மற்றது, போர்டை மாற்றுவது. உங்களுக்கு நான் சொல்லும் முடிவு இதுதான். அதே வரிசையைச் சேர்ந்த பிசி1616, பிசி1832, பிசி1864 ஆகிய மூன்றில் எதுவும் அதே பெட்டிக்குள், அதே கீபாடோடு, அதே 16.5 வோல்ட் ட்ரான்ஸ்போமரோடு வேலைசெய்யும். பாவித்த போர்டை வாங்கினால், விற்பவரிடம் மின்சாரம் கொடுத்துக் காட்டச் சொல்லி அந்தப் பத்துத் தட்டுக்கள் கேட்கவில்லை என்பதைக் காதால் கேட்டு உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு பூட்டைக் கொடுத்து இன்னொரு பூட்டை வாங்கியதாகிவிடும்.

கழற்றுவதற்கு முன் திருகு முனைகளின் முழு வரிசையையும் கைத்தொலைபேசியில் மிக அருகில் வைத்துப் படமெடுங்கள். ஒவ்வொரு வயரிலும் வெள்ளைப் பிளாஸ்டரைச் சுற்றி, ‘முன்கதவு’, ‘பின்கதவு’, ‘குசினி யன்னல்’ என்று பேனையால் எழுதுங்கள். வயர்களின் நடுவே அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய, வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்ரர்கள் (மின்தடைகள்) தொங்கக்கூடும். அவற்றை வெட்டி எறிந்துவிடாதீர்கள். 5,600 ஓம் கொண்ட அவற்றைப் போர்ட் ஒவ்வொரு சென்சர் வயரின் முடிவிலும் எதிர்பார்க்கிறது. புதிய போர்டில் மின்சாரம் கொடுத்ததும் எல்லாக் கதவும் திறந்திருப்பதாகக் காட்டினால், பழைய தொழில்நுட்பவியலாளர் ரெசிஸ்ரர் இல்லாமலே வயரைப் பூட்டியிருக்கிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள். 013 பிரிவின் முதல் தெரிவை இயக்கினால் அது சரியாகிவிடும். 001 பிரிவில் ஒவ்வொரு சென்சருக்கும் இரண்டு இலக்கம் எழுதவேண்டும். உள்ளே வந்து நிறுத்த நேரம் தரவேண்டிய வாசற்கதவுக்கு 01, உடனே கத்தவேண்டிய யன்னலுக்கு 03, நீங்கள் வீட்டில் இருக்கும்போது சும்மா இருக்கவேண்டிய நடமாட்ட உணரிக்கு 05, பயன்படுத்தாததற்கு 00. வயரில்லாச் சென்சர் இருந்தால் அதன் முதுகில் அச்சிட்ட ஆறு எழுத்துத் தொடர் இலக்கத்தை 804 பிரிவில் பதியவேண்டும். போர்டை மாற்றும் வேலையில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் ஒரு தொழில்நுட்பவியலாளரை மணிக்கணக்குக் கூலிக்குப் பிடியுங்கள். “போர்டை மட்டும் மாற்றவேண்டும், லொக்கவுட் போடக்கூடாது, முடிந்ததும் இன்ஸ்டாலர் கோட்டை எழுதித் தரவேண்டும்” என்று வேலை தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.

இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் கவலை தருவது உங்கள் மேல்மாடிப் புகை உணரி. அது அலாரப் பெட்டியோடு இணைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். போர்டைக் கழற்றிய நேரம் முதல், புதிய போர்டில் அதைத் தீ உணரி என்று பதிந்து முடிக்கும்வரை அது சுவரில் ஒட்டிய ஒரு வெறும் பிளாஸ்ரிக் வட்டம்தான். வயர் வழித் தீ உணரிக்கு 001 பிரிவில் 08 என்று எழுதவேண்டும். ஒன்ராறியோவின் தீப்பாதுகாப்பு விதிப்படி ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் இயங்கும் புகை அலாரம் இருக்கவேண்டும். இந்த வேலையைத் தொடங்கும் நாளுக்கு முன்னரே, அலாரப் பெட்டியோடு சம்பந்தமில்லாத தனிப் புகை அலாரங்களை வாங்கிப் பூட்டிவிடுங்கள். அவற்றை பிறகும் கழற்றவேண்டாம். தனியே இருக்கும் அம்மாவுக்கு நிலவறைப் பெட்டியொன்றை மட்டும் நம்பிய புகை உணரி போதாது.

எல்லாம் முடிந்ததும் நட்சத்திரக் குறி, 6, மாஸ்டர் கோட், 4 என்று அழுத்துங்கள். சைரனும் கீபாடும் இரண்டு விநாடி சத்தமிட்டுத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளும். அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு அழுத்துங்கள்.

கண்காணிப்பு நிறுவனம் இல்லாமல் அலாரம் போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். என்விசாலிங்க் போன்ற சிறு கருவி, கீபாட் போலவே அந்த நான்கு வயரிலும் இணைந்து, வீட்டு இன்ரநெற் வழியாக உங்கள் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். நீங்கள் வேலைத்தலத்தில் இருந்தபடியே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். பூட்டிய போர்டோடும் இந்த அடிப்படைச் சேவை இயங்கும் என்பதால், போர்டை மாற்றும் முன்பே இதைப் பூட்டலாம். ஆனால் வீட்டுக் காப்புறுதியில் அலாரத்துக்கென்று தள்ளுபடி பெறுகிறவர்கள், நிறுவனம் கண்காணிக்கும் சான்றிதழ் தேவையா என்று முகவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். ரொறன்ரோ பொலிஸ் 2018 செப்டெம்பர் முதல், அலாரம் அடித்தது என்பதற்காக மட்டும் வருவதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். வீடியோ, ஒலி, ஒன்றுக்கு மேற்பட்ட சென்சர்கள் அடித்தமை, நேரில் கண்ட சாட்சி என்று ஏதாவதொன்றால் குற்றம் நடப்பது உறுதியானால்தான் பொலிஸ் அனுப்பப்படும். மாதாமாதம் காசு கட்டினால் அலாரம் அடித்த உடனே பொலிஸ் வந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த விதியை எடுத்துச் சொல்லி மறுபடி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஹனிவெல் விஸ்ரா 20பி என்ற அலாரம். இதற்கும் இன்ஸ்டாலர் கோட் தெரியாது. இதற்கும் போர்டைத்தான் மாற்றவேண்டுமா?

– வாசகர் ஒருவர், பிரம்டன்

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. இந்தப் போர்டில் வேறொரு வாசல் இருக்கிறது. மின்சாரத்தையும் பற்றரியையும் எடுத்துவிட்டு, மீண்டும் மின்சாரம் கொடுத்த 50 விநாடிக்குள் கீபாடில் நட்சத்திரக் குறியையும் சதுரக் குறியையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். திரை 20 என்று காட்டினால் நிரலாக்கத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள். சதுரக் குறியையும் 20ஐயும் அழுத்தினால் இப்போதுள்ள இன்ஸ்டாலர் கோட் திரையில் ஓடும். அதை எழுதிக்கொண்டு, நட்சத்திரக் குறியோடு 99 அழுத்தி வெளியே வாருங்கள். 98 அழுத்தி வெளியேறினால், அடுத்த தடவை கோட் தெரிந்திருந்தாலும் மின்சாரத்தை நிறுத்தித்தான் உள்ளே போகமுடியும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் இன்ஸ்டாலர் கோட் 4112. நட்சத்திரக் குறியோடு 97 என்பது எல்லா நிரலையும் அழித்துவிடும். கோட்டைக் கண்டுபிடித்துவிட்ட பிறகு அதை அழுத்தவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. இந்த வாசலையும் அடைக்கும் ஒரு தெரிவு இருக்கிறது என்பதால், 50 விநாடிக்குள் சரியாக அழுத்தியும் திறக்காவிட்டால் மட்டும் போர்ட் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: மார்க்கத்தில் வாங்கிய புதிய வீட்டுக்கு அலாரம் பூட்ட ஒரு விற்பனையாளர் நேற்று வீட்டுக்கே வந்தார். கருவிகள் இலவசம், மாதக் கட்டணம் மட்டும்தான் என்கிறார். முன்பு இருந்த வீட்டில் கோட் தர மறுத்ததால் பட்ட பாடு போதும். இம்முறை என்ன கேட்டு வாங்கவேண்டும்?

– வாசகர் ஒருவர், மார்க்கம்

பதில்: வீட்டுக்கு வந்து கையொப்பம் வாங்கும் ஒப்பந்தங்களுக்கு ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து நாள் அவகாசம் உண்டு. ஒப்பந்தத்தின் எழுத்துப் பிரதி உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள், காரணம் சொல்லாமலே அதை ரத்துச் செய்யலாம். நேற்றுக் கையொப்பமிட்டிருந்தாலும் இன்று யோசிக்க நேரம் இருக்கிறது என்று பொருள்.

கருவி இலவசம் என்றால் அது உங்களுடையதா நிறுவனத்துடையதா என்று ஒப்பந்தத்தில் எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் மூன்று விடயங்களை எழுத்தில் சேர்க்கக் கேளுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கருவிகள் உங்களுக்கே சொந்தம். அன்றே இன்ஸ்டாலர் கோட் தரப்படும், லொக்கவுட் நீக்கப்படும். வீட்டை விற்றால் அதே உரிமை வாங்குகிறவருக்கும் போகும். கடைசி வரியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள், ஸ்காபுறோ வாசகிக்கு வந்த துன்பம் அங்கிருந்துதான் வந்தது. நேர்மையான நிறுவனம் இந்த மூன்றையும் எழுதித் தரத் தயங்காது. பூட்டி முடிக்கும் நாளில், பெட்டியின் மூடியை மூடுமுன் மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று கேளுங்கள். டிஎஸ்சியின் அந்த மூன்று போர்ட்களில் ஒன்றென்றால், எத்தனை தடவை தட்டுகிறது என்பதை அப்போதே எண்ணிவிடலாம்.